புழுவெட்டு: மகளின் தலையைப் புண்ணாக்காதீர்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன்பு தலை வாரிவிடும்போது உச்சியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடியே இல்லாமல் வழுவழுவென்று இருந்ததைப் பார்த்தேன். இப்போது மூன்று இடங்களில் அப்படி இருக்கிறது. அதில் ஒன்று காதுக்குப் பின்னால். "புழுவெட்டு, புழு முடியைத் தின்கிறது" என்று என் மாமியார் ஆற்றுத்தும்மட்டிக்காயை வெட்டித் தேய்த்தார். இரண்டாம் நாளே தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஓர் ஆயின்மென்ட் வாங்கிப் பூசினோம். சின்ன வெங்காயச் சாறும் தடவுகிறோம். ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். தலையிலேயே ஊசி போட வேண்டும் என்றார். பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டோம். பள்ளியில் இரட்டைச் சடைதான் போட வேண்டும். வகிடு எடுத்தால் வழுக்கை தெரிகிறது. பக்கத்தில் உட்காரும் பெண் "ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி இடம் மாறிவிட்டாள். ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் புதிய மாத்திரை வந்திருப்பதாக என் தம்பி சொல்கிறான். எனக்கு ஐந்து ஆண்டுகளாகத் தைராய்டு குறைவு. என்னால்தான் இவளுக்கு வந்ததா? இளையவளுக்கும் வருமா? "நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்" என்று உறவினர்கள் பேசியதைக் கேட்டதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள்.
ஒரு தாய், ஆரணி அருகே ஒரு கிராமம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இன்று முதல் மகளின் தலையில் எதையும் தேய்க்காதீர்கள். தும்மட்டிக்காய் வேண்டாம், வெங்காயச் சாறு வேண்டாம், பெயர் தெரியாத அந்த ஆயின்மென்டும் வேண்டாம். கொப்பளித்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் மென்மையாகக் கழுவி, வெறும் வாசலினை மெல்லிதாகத் தடவி விடுங்கள். நீர் கசிந்தாலோ, சீழ் வைத்தாலோ, மஞ்சள் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய் தலையில் தழும்பை உண்டாக்குவதில்லை. ஆனால் அதற்கென்று நாம் செய்யும் வைத்தியம் ஆழமான புண்ணை உண்டாக்கினால் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் முடி முளைக்காது. தானாகவே சரியாகக்கூடிய ஓர் இடத்தை நிரந்தர வழுக்கையாக்கிவிட்டு, கடைசியில் எங்களிடம் அழைத்து வரப்படும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. உங்கள் மாமியார் பேத்தி மீதுள்ள பாசத்தால்தான் செய்தார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

புழு எதுவும் இல்லை, பூச்சியும் இல்லை. இதை மருத்துவத்தில் அலோபீசியா ஏரியேட்டா என்கிறோம். நம் உடலைக் கிருமிகளிடமிருந்து காக்கும் வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. வழக்கமாக அவை முடி வேரின் அடிப்பகுதியை நெருங்குவதில்லை. வளரும் வேரைச் சுற்றி உடலே அப்படி ஒரு பாதுகாப்பை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. இந்த நோயில் அந்தப் பாதுகாப்பு சில இடங்களில் விலகிவிடுகிறது. டி அணுக்கள் வேரின் அடிக்குமிழைச் சூழ்ந்து தாக்குகின்றன. வேர் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. மேலே இருக்கும் முடி முறிந்தோ கழன்றோ விழுந்துவிடுகிறது. நாணயம் போல வட்டமாக, வழுவழுப்பாக, அரிப்பும் செதிலும் இல்லாமல் இருப்பது இதன் அடையாளம்.

நீங்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தாக்குதல் நடப்பது வேரின் அடிக்குமிழில். வேரைப் புதிதாக உண்டாக்கும் மூல அணுக்கள் அதற்குச் சற்று மேலே, வேறோர் இடத்தில் இருக்கின்றன. இந்த நோய் அவற்றைத் தொடுவதில்லை. கோடையில் தழையெல்லாம் காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும் அல்லவா, அதைப் போலத்தான் இது. பல ஆண்டுகள் வழுக்கையாக இருந்த இடத்தில்கூட முடி திரும்ப முளைப்பதற்கு இதுவே காரணம். லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்ற வேறு சில தோல் நோய்களில் அழற்சி அந்த மூல அணுக்களையே அழித்துவிடும். அங்கே தோலில் மயிர்த்துளைகளே மறைந்து, பளபளப்பான தழும்பு மட்டும் நிற்கும். அந்த நோயாளிகளுக்கு ஒவ்வொரு வாரத் தாமதமும் இழப்புதான். உங்கள் மகளின் நிலை அதுவல்ல என்றே தோன்றுகிறது. ஆனால் "தோன்றுகிறது" என்ற அளவில்தான் ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியும். நேரில் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

அப்படிப் பார்க்கும்போது மருத்துவர் முதலில் ஒதுக்க வேண்டியது தலையில் வரும் பூஞ்சைத் தொற்றை, அதாவது தலைப்படையை. குழந்தைகளுக்கு இதுவும் வட்ட வட்டமாகத்தான் வரும். ஆனால் அதில் செதில் இருக்கும், அரிக்கும், முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும், சில நேரம் கழுத்தில் நெறி கட்டும். அது ஒட்டக்கூடியது. சீப்பு, துண்டு, தலையணை வழியாகப் பரவும். ஒடிந்த முடியையும் செதிலையும் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். தலைப்படையாக இருந்தால் மேலே பூசும் மருந்து மட்டும் போதாது. பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே குடியிருப்பதால் வாய்வழி மாத்திரை பல வாரங்கள் எடுக்க வேண்டும். நீங்கள் மருந்துக்கடையில் வாங்கிய ஆயின்மென்டின் உறையைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரப்படுபவை பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள். படை இருக்கும் இடத்தில் அதைப் பூசினால் படையின் அடையாளங்கள் மறைந்துபோகும், உள்ளே பூஞ்சை செழிக்கும். நம் நாட்டில் படர்தாமரை இன்று இவ்வளவு பிடிவாதமான நோயாக மாறியதில் இந்தக் கலவைக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தலைப்படை இல்லை என்றால், மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் வழுக்கையின் ஓரத்தைப் பார்ப்பார். அடியில் மெலிந்து நுனியில் தடித்த, ஆச்சரியக்குறி வடிவிலான குட்டை முடிகள் அங்கே நின்றால் நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நகங்களையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். குண்டூசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் இருக்கலாம். புருவம், இமை முடி, பின்கழுத்து ஓரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஓர் இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தனித்த வட்டமாக இருந்தால் கவலை இல்லை. காதுக்கு மேலிருந்து பிடரி ஓரமாகப் பட்டை போல நீண்டுகொண்டே போனால் அந்த வகை சிகிச்சைக்கு எளிதில் வசப்படாது என்பதால் மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். சிறு வயதில் கரப்பான், மூச்சிரைப்பு இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வெண்புள்ளி உண்டா என்பதையும் சொல்லுங்கள். இவையெல்லாம் இந்த நோயோடு சேர்ந்து காணப்படுபவை.

உங்கள் தைராய்டுக்கு வருகிறேன். கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதத்தான் நீங்கள் மிகவும் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்ற ஆய்வாளர் இருக்கிறார். இதே நோய் அவருக்கும் வந்தது. அவருடைய குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. இதற்கு ஒற்றை மரபணு காரணமல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து நோய் வரக்கூடிய ஒரு சாய்வை உண்டாக்குகின்றன என்பதும், அவற்றில் சில முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் போன்ற, உடலின் பாதுகாப்பு அணுக்கள் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் பொதுவானவை என்பதும் அதில் தெரியவந்தன. தைராய்டு குறைவும் பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்த நோய்தான். ஆகவே உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சாய்வு இருக்கலாம். ஆனால் சாய்வு வேறு, நோய் வேறு. அலோபீசியா ஏரியேட்டா வந்தவர்களில் பெரும்பான்மையினரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. நீங்கள் சமைத்த சாப்பாடு, போட்ட ஷாம்பு, வீட்டு உப்புத் தண்ணீர், மகள் தேர்வுக்காகக் கண்விழித்தது எதுவும் இதற்குக் காரணமல்ல. உங்களால் வந்ததா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை.

மகளுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். முடிக்கு நல்லது என்று யாராவது பயோட்டின் மாத்திரையோ மிட்டாய் வடிவில் வரும் வைட்டமினோ வாங்கித் தந்திருந்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பயோட்டின் அதிகமாக இருந்தால் தைராய்டு அளவுகள் தவறாக வரும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். நீங்களும் அப்படி எதையாவது சாப்பிட்டால் உங்கள் பரிசோதனைக்கும் இதே விதிதான். சத்து மாத்திரைகள் கெடுதல் செய்யாது என்று நாம் நம்புகிறோம். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்தில் ஷேகாவ் பகுதிக் கிராமங்களில் மக்களுக்குச் சில நாள்களிலேயே கொத்துக் கொத்தாக முடி கொட்டியது நினைவிருக்கலாம். அங்கே சென்று ஆராய்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பாதிக்கப்பட்டவர்களின் உடலில் செலினியம் என்ற தாது மிக அதிகமாக இருந்ததாகவும், அவர்கள் உண்ட கோதுமையே அதற்குக் காரணம் என்று கருதுவதாகவும் தெரிவித்தார். உங்கள் மகளின் நோய் அது அல்ல. ஆனால் முடி வளர்க்கும் மாத்திரை என்று விற்கப்படும் பலவற்றில் இதே செலினியம் இருக்கிறது. தேவைக்கு மேல் போனால் செலினியமும் வைட்டமின் ஏ-யும் முடியைக் கொட்டவைக்கும். ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். பூப்பெய்திய பெண் குழந்தைகளுக்கு அது சாதாரணமாகக் காணப்படுகிறது. இருந்தால் இரும்புச்சத்து கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வெங்காயச் சாறு பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது "ஆராய்ச்சியே இருக்கிறது" என்று காட்டுவார்கள். ஆம், இருக்கிறது. ஈராக்கில் நடந்து 2002இல் வெளிவந்த சிறிய ஆய்வு அது. வெங்காயச் சாறு பூசி இறுதிவரை தொடர்ந்த 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது என்கிறது. ஆனால் தொடங்கியவர்களில் பலர் பாதியில் விலகிவிட்டார்கள். ஒப்பீட்டுக்கு வெறும் தண்ணீர் பூசப்பட்டது. எது வெங்காயம் எது தண்ணீர் என்பது மூக்குள்ள யாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், ஓரிரு வட்டங்களோடு நிற்கும் நோயில் பாதிப் பேர் வரைக்கும் ஓராண்டுக்குள் எந்த மருந்தும் இல்லாமலேயே முடி திரும்ப முளைக்கிறது. தும்மட்டிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் ஊரில் கிடைத்த நல்ல பெயரில் பெரும் பகுதி இந்த இயல்பிலிருந்து வந்தது. தோலை வேண்டுமென்றே லேசாக ஒவ்வாமைக்கு உள்ளாக்கி, டி அணுக்களைத் திசைதிருப்பும் சிகிச்சை எங்களிடமும் உண்டு. டைஃபீனைல் சைக்ளோபுரோபினோன் என்ற மருந்தை அதற்குப் பயன்படுத்துகிறோம். பரவலான வழுக்கைக்கு அதை மருத்துவமனையில், மிக நீர்த்த கரைசலில் தொடங்கி, வாரந்தோறும் அளவு பார்த்து ஏற்றுவோம். அந்த அளவுதான் மருந்தையும் காயத்தையும் பிரிக்கிறது. அடுப்படியில் வெட்டிய காயில் அளவு பார்க்க வழியில்லை.

இனி சிகிச்சை. மூன்று சிறு வட்டங்கள் என்றால் காத்திருப்பதும் ஒரு நேர்மையான வழிதான். ஆனால் நான்கு மாதமாகக் கூடிக்கொண்டிருக்கிறது, குழந்தை பள்ளியை விட்டு விலகுகிறாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் காத்திருக்க மாட்டேன். கொப்பளம் முழுவதும் ஆறிய பிறகு, மருத்துவரின் சீட்டோடு வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தொடங்கலாம். ஸ்டீராய்டு என்றதும் பயம் வரும். கனடாவின் டொராண்டோவில் 41 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. குளோபெட்டசால் களிம்பை ஆறு வாரம் பூசி, ஆறு வாரம் நிறுத்தி, மீண்டும் ஆறு வாரம் பூசிய குழந்தைகளுக்கு, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் பூசியவர்களைவிடத் தெளிவாக நல்ல பலன் கிடைத்தது. கடைக் களிம்பிலும் இதே மருந்து இருந்திருக்கக்கூடும். ஆனால் அங்கே இடைவெளி இல்லை, இடம் குறிப்பிடவில்லை, நோய் இன்னதென்றே தெரியவில்லை. வழுக்கை வட்டத்துக்குள் மட்டும், சொன்ன நாள் மட்டும், நெற்றிக்கு வழியாமல் பூச வேண்டும்.

அந்த மருத்துவர் சொன்ன ஊசி சரியான யோசனைதான். நீங்கள் பயந்தது இயல்பு. தலையில் ஊசி என்றால் மூளைக்குள் போவதாக நினைத்துப் பதறும் பெற்றோர் நிறையப் பேர். இன்சுலின் போடும் மெல்லிய ஊசியால், தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே, டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டைத் துளித்துளியாகச் செலுத்துவார்கள். மண்டையோட்டைக்கூட அது நெருங்காது. வலிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் முன்னதாக மரத்துப்போகும் களிம்பைப் பூசிக்கொண்டால் பெருமளவு தாங்கிக்கொள்ளலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ஊசி போட்ட இடத்தில் சிறு பள்ளம் விழலாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் நிரம்பிவிடும். பதின்மூன்று வயதுப் பெண் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவள். அவளிடம் விளக்கிச் சொல்லி, அவள் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். பிடித்து அழுத்திப் போடாதீர்கள். ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டால் பிறகு மருத்துவமனை வாசலையே மிதிக்க மாட்டாள். இந்த ஊசி போட்ட இடத்தில் முடியைக் கொண்டுவரும். வேறோர் இடத்தில் புதிதாக வட்டம் வருவதைத் தடுக்காது. முளைத்ததும் மீண்டும் உதிரக்கூடும். முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் அப்போது ஏமாற்றமாக இருக்காது.

உங்கள் தம்பி சொன்ன மாத்திரைகள் உண்மைதான். என் துறையில் நீண்ட காலத்துக்குப் பிறகு வந்த பெரிய நம்பிக்கை இவை. டி அணுக்களுக்கும் முடி வேருக்கும் இடையே ஓடும் ரசாயனச் செய்திகள் ஜேக் என்ற நொதிகள் வழியாகக் கடத்தப்படுகின்றன என்பதை, நான் மேலே சொன்ன அதே கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் விளக்கினார்கள். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், உடல் முழுதும் முடியிழந்த 25 வயது இளைஞர் ஒருவருக்கு அந்த நொதிகளைத் தடுக்கும் முடக்குவாத மாத்திரையான டோஃபாசிட்டினிப் கொடுத்து, முடி திரும்பியதைப் பதிவு செய்தார்கள். அங்கிருந்து தொடங்கிய ஆய்வுகளின் முடிவில், அதே வகை மருந்தான பாரிசிட்டினிப் 2022 ஜூனில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது. கொரோனா காலத்தில் நம் மருத்துவமனைகளில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே மருந்துதான். 2023 ஜூனில் அனுமதி பெற்ற ரிட்லெசிட்டினிப் பன்னிரண்டு வயது முதலே தரலாம் என்பதால் உங்கள் தம்பி அதைப் படித்திருக்கக்கூடும்.

ஆனால் எண்களைப் பாருங்கள். பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில், 36 வாரங்களுக்குப் பிறகு, தலையின் 80 விழுக்காடோ அதற்கு மேலோ முடி திரும்பியவர்கள் ஓர் ஆய்வில் 38.8 விழுக்காடு, இன்னோர் ஆய்வில் 35.9 விழுக்காடு. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது முறையே 6.2, 3.3 விழுக்காடு. ரிட்லெசிட்டினிப் ஆய்வில் 24 வாரத்தில் 23 விழுக்காடு. தலையில் ஒரு முடிகூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்கு இது மிகப் பெரிய செய்தி. ஆனால் எல்லோருக்கும் வளரும் மாத்திரை அல்ல. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு முடி மறுபடி உதிர்கிறது. தீவிரமான தொற்று, ரத்தம் உறைதல், இதயநோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இந்த மருந்து வகையின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது. காசநோய் நம் ஊரில் பலர் உடலில் உறங்கிக்கிடப்பதால், தொடங்குவதற்கு முன் அதைத் தேடிப் பார்க்காமல் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. தொடங்கிய பின்னும் ரத்தப் பரிசோதனைகள் தொடர வேண்டும். இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் தலைமுடியில் பாதியோ அதற்கு மேலோ இழந்தவர்கள். மூன்று வட்டங்களுக்கு இது தேவையில்லை. நோய் வேகமாகப் பரவி, பாதித் தலையைத் தாண்டி, புருவத்தையும் எடுத்துக்கொண்டால் அப்போது இதைப் பேசலாம், பேச வேண்டும். இவற்றில் சில மாத்திரைகள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன என்பதால் யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. தம்பியிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

மொட்டை பற்றி. மழிப்பது தோலுக்கு மேலே இருக்கும் முடியை மட்டும்தான். வேருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் அடர்த்தி அதிகமாகாது. வேண்டுதல் இருந்தால் அது உங்கள் நம்பிக்கை, அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் மகள் விரும்பாமல் மொட்டை அடிக்காதீர்கள். மூன்று வட்டங்களை மறைக்க மீதி இருக்கும் முடி அவளுக்கு இன்று தேவை.

பள்ளிக்கு வருவோம். நான்கு மாத வழுக்கையைவிட ஒரு வாரம் அவள் பள்ளிக்குப் போகாமல் இருப்பது என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. நோயை உறுதி செய்த மருத்துவரிடம், மருத்துவமனை முத்திரையோடு ஒரு சான்று கேளுங்கள். "இது தொற்றுநோய் அல்ல, தொடுவதாலோ அருகில் அமர்வதாலோ பரவாது, சிகிச்சைக் காலத்தில் தலைமுடியைத் தளர்வாக விடவும், தேவைப்பட்டால் பருத்தித் துணியோ தொப்பியோ அணியவும் அனுமதிக்க வேண்டும்" என்று மூன்று வரி போதும். அதைத் தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். மகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். இரட்டைச் சடை ஒழுங்குக்காக வந்த விதி. ஒரு குழந்தையின் நோய்க்காக அதைத் தளர்த்தலாம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வகிடு எடுக்காமல், வட்டங்களை மறைக்கும்படி ஒற்றைச் சடையாகத் தளரப் பின்னிவிடுங்கள். இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து முடியும் இழுபட்டு உதிரும். வகுப்பு ஆசிரியர் மற்ற பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். ஆனால் அப்படிப் பேசலாமா, அப்போது தான் வகுப்பில் இருக்க வேண்டுமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு அவமானம்.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரெஸ்லியின் நீண்ட பின்னல்கள் அவருடைய அடையாளமாகவே பேசப்பட்டவை. இதே நோயில் முடி முழுவதையும் இழந்த அவர், 2020 ஜனவரியில் முடியற்ற தலையோடு பொதுவெளியில் வந்து தன் நோயைப் பற்றிப் பேசினார். இன்றும் அப்படியே அவைக்குப் போகிறார். அவருடைய படத்தை மகளுக்குக் காட்டுங்கள். "நீயும் இப்படித் தைரியமாக இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வயதில் தைரியமாக இருக்கச் சொல்வதே ஒரு சுமை. சும்மா காட்டினால் போதும்.

கல்யாணப் பேச்சை உங்கள் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். எட்டாம் வகுப்புக் குழந்தையின் தலையைப் பார்த்து மாப்பிள்ளை கணக்குப் போடும் உறவினரிடம், "இவள் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம்" என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். சொல்வது கடினம் என்று தெரியும், அதிலும் அவர்கள் மூத்தவர்களாக இருந்தால். ஆனால் அம்மா தனக்காகப் பேசினாள் என்பதை அந்தப் பெண் மறக்க மாட்டாள். அவள் தூக்கம் கெடுகிறதா, சாப்பாட்டை ஒதுக்குகிறாளா, தோழிகளின் அழைப்பை எடுக்காமல் இருக்கிறாளா, இருந்து என்ன பயன் என்பது போல ஏதாவது சொல்கிறாளா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தோல் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோயோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவது நாங்கள் நன்கு அறிந்த ஒன்று.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உங்களுக்கு எது பஸ்ஸில் எளிதோ அங்கே தோல் பிரிவின் புறநோயாளிகள் சீட்டு எடுங்கள். முன்பு பார்த்த மருத்துவரிடமே திரும்பிப் போவதானாலும் நல்லதுதான். அவர் சொன்னது தவறில்லை. போகும் முன் மூன்று வட்டங்களையும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே போல் எடுங்கள். தினமும் தலையைக் கிளறிப் பார்ப்பதை நிறுத்துங்கள். அது அவளை வாட்டும், உங்களையும் வாட்டும். இளையவளின் தலையையும் அப்படித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவளுக்கு வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வந்தால் வழக்கம்போல் தலை வாரும்போதே கண்ணில் படும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முதலில் முளைப்பது பெரும்பாலும் பூனைமுடி போல மெல்லியதாக, வெள்ளையாக இருக்கும். நரை வந்துவிட்டது என்று பயந்து அதைப் பிடுங்கவோ, டை அடிக்கவோ செய்யாதீர்கள். நாளாக நாளாக அதே இடத்தில் நிறம் ஏறும்.